98-இல் கொதிக்கும் தண்ணீர்

"மிஸ், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

சனிக்கிழமை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை இதைச் சொல்லிவிடும். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி முகத்தில் அடிக்கிறது. தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடோ 98-இல் போய் நின்றுகொண்டு, மேலே நகர மாட்டேன் என்கிறது. புத்தகத்தில் 100 என்று போட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புத்தகத்தைச் சந்தேகிக்கத் தோன்றாது. தன் கண்ணையும் கையில் இருக்கும் கருவியையும்தான் சந்தேகப்படும். பாதிப் பேர் நோட்டில் 100 என்று எழுதிவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். இன்னும் சிலர் வரவே மாட்டார்கள், பேசாமல் 100 என்று எழுதிவிட்டு மூடிவைத்துவிடுவார்கள்.

அந்த 100-ஐ நான் அடிக்கச் சொல்வதில்லை. பக்கத்திலேயே, கண்ணால் பார்த்ததையும் எழுது என்பேன். இருபத்தைந்து வருஷமாகப் புனேயில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வெப்பம் என்ற பாடத்தின் கதவு எனக்கு இந்த இரண்டு டிகிரி இடைவெளியில்தான் இருக்கிறது.

காரணம் எளியது. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறு ஏழு சதவீதம் குறைவு. தண்ணீர் கொதிக்கிறது என்றால், உள்ளே பிறக்கும் ஆவிக் குமிழி, மேலேயிருந்து அமுக்கும் காற்றுக்கு ஈடுகொடுத்து எழும்புகிறது என்று அர்த்தம். அமுக்கும் கை கொஞ்சம் தளர்ந்தால் குமிழியும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அதனால் இந்த ஊரில் தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தைத் தள்ளிப்போடுவதற்கு எனக்குப் பல வருஷப் பழக்கம் தேவைப்பட்டது.

ஏனென்றால் 'தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு' என்பது நல்ல சந்தேகம். அதை முதலில் மதிக்க வேண்டும். ஐஸைத் துணியில் கட்டி, குழவியால் நசுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் தெர்மாமீட்டரை விட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்போம். பூஜ்யம் காட்டினால் சரி. நாங்கள் வாங்கிவைத்த ஆறில் ஒன்று 1 காட்டும், இன்னொன்று மைனஸ் 1. பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு துண்டுச் சீட்டுக் கட்டி, 'இது 1 கூட்டிச் சொல்லும்', 'இது 1 குறைத்துச் சொல்லும்' என்று எழுதிவிடுவார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி நூறுக்குப் பக்கத்தில் தப்பலாம் அல்லவா என்று ஒரு வருஷம் ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. பதில் எனக்கு அன்றைக்குக் கைவசம் இல்லை.

அந்த மே மாதம் சென்னைக்குப் போனபோது, பூஜ்யத்தைச் சரியாகக் காட்டிய ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து எடுத்துப் போனேன். மயிலாப்பூரில் அம்மாவின் சமையலறையில், அவள் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்த பாத்திரத்திலேயே விட்டுப் பார்த்தேன். "வந்ததும் வராததுமா வெந்நீரை எதுக்குடி அளக்கறே?" என்றாள் அம்மா. கோடு ஏறி 100-இல் நின்றது. அதே கண்ணாடிக் குழாய், அதே சிவப்புக் கோடு, படித்ததும் அதே கண். ஊர்தான் வேறு. ஜூனில் திரும்பி வந்து அந்தப் பையனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததே, அதற்காக இன்னும் பத்துத் தடவை சென்னை ரயிலில் போய்வரலாம்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை, தன் பள்ளித் தேர்வில், நீரின் கொதிநிலை என்ன என்ற கேள்விக்கு 98 என்று எழுதிவிட்டு வந்தான். மதிப்பெண் போயிற்று. கண்ணால் கண்டதை எழுதிய பிள்ளைக்குத் தண்டனையா என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, தப்பில் என் பங்கும் தெரிந்தது. கடல் மட்டத்து அழுத்தத்தில் 100 என்பதும் உண்மைதான். எந்த இடத்தில், எந்த அழுத்தத்தில் என்ற பாதியைச் சேர்த்துச் சொல்ல நான் அவனைப் பழக்கவில்லை. அதிலிருந்து என் வகுப்பில் யாரும் எண்ணை மட்டும் எழுத முடியாது. ஊர், தேதி, எந்தச் சீட்டுக் கட்டிய தெர்மாமீட்டர் என்பது வரை எழுத வேண்டும்.

என் பிள்ளைகளில் பலர் புனேயின் கட்கி பக்கத்தவர்கள். பழைய ஆட்கள் இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்கிறார்கள். தாத்தா காலத்தில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதல் எனக்கு உபகாரம்.

தமிழில் நமக்கு 'சூடு' ஒன்று போதும். காப்பி சூடு, வெயில் சூடு, உடம்புச் சூடு, மாம்பழம் சூடு. அறிவியல் புத்தகம் இதை இரண்டாகப் பிளந்து, வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்கிறது. மராத்தியில் உஷ்ணதா, தாப்மான். காய்ச்சலுக்கு அவர்கள் வெறும் 'தாப்' என்பார்கள். ஆற்றலின் கதையும் இப்படித்தான். தமிழ்நாட்டுப் பாடநூல் ஆற்றல் என்பதை இலங்கைப் பாடநூல் சக்தி என்கிறது, மராத்திக்காரர்கள் ஊர்ஜா என்கிறார்கள். சொல்லைப் பற்றி நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. வெப்பம், வெப்பநிலை என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது புரியாத பிள்ளைக்கு மற்றதெல்லாம் மனப்பாடமாகத்தான் இருக்கும்.

வரையறை சொல்லி இதைப் புரியவைக்க முடியாது. நான் ஐஸை எடைபோட வைக்கிறேன். ஒரு டம்ளரில் 200 கிராம் தண்ணீர், 80 டிகிரி, தொட்டால் கை பொத்துவிடும். ஒரு பானையில் இரண்டு லிட்டர், வெறும் 40 டிகிரி, குழந்தையைக் குளிப்பாட்டலாம். எது அதிக ஐஸை உருக்கும்? எல்லாக் கையும் டம்ளருக்குத்தான் உயரும். எடைபோட்ட ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடத் தொடங்குவோம். டம்ளர் 200 கிராம் அளவிலேயே தளர்ந்துவிடும், அதற்கு மேல் போட்ட ஐஸ் அப்படியே மிதக்கும். பானையோ ஏறக்குறைய ஒரு கிலோவை விழுங்கிவிட்டுத்தான் ஓயும். 1780-களில் விஞ்ஞானிகள் லவாய்சியேயும் லாப்லாஸும் பாரிஸில் இப்படித்தான் அளந்தார்கள். ஒரு பொருள் எவ்வளவு ஐஸை உருக்கியது என்று பார்த்தே அது விட்டுக்கொடுத்த வெப்பத்தைச் சொன்னார்கள். தெர்மாமீட்டர் சொல்வது எவ்வளவு சூடு என்பதை. எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை ஐஸ் சொல்லும். வெப்பம் எப்போதும் கொடுக்கல் வாங்கல்தான். தமிழில் 'கைமாற்று' என்று நல்ல சொல் இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தோசைக்கல். இதை எந்த வருஷமும் விட்டதில்லை.

ஜனவரி மாதப் புனேக் காலை. முந்தைய இரவே என் கனமான இரும்புத் தோசைக்கல்லையும், மராத்தி வீடுகளில் சப்பாத்தி இடும் மரப் பலகையான போள்பாட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் பிள்ளைகள் வந்து ஒரு கையை இதிலும் ஒரு கையை அதிலும் வைப்பார்கள். எது சில்லென்று இருக்கிறது? கேட்கவே வேண்டாம், தோசைக்கல். எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கும்? ஐந்து என்பான் ஒருவன், பத்து என்பாள் ஒருத்தி. தெர்மாமீட்டரை இரண்டின் மேலும் வைத்துத் துணி போட்டு மூடிக் காத்திருந்தால், இரண்டிலும் ஒரே எண். இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்தவை வேறு எப்படி இருக்கும்? ஆனால் இந்த எண்ணைப் பார்த்து ஒரு பிள்ளையும் மனம் மாறுவதில்லை. கை சொல்வதை எண்ணால் வெல்ல முடியாது.

அப்போதுதான் ஐஸ் வரும். ஒரே அளவில் இரண்டு கட்டி. எதன் மேல் வைத்தால் சீக்கிரம் உருகும்? 'பலகை மேல, அதுதான சூடா இருக்கு' என்பார்கள். வைப்பேன். தோசைக்கல் மேல் வைத்த கட்டி வைத்த நொடியிலேயே வழுக்கத் தொடங்கும், அடியில் தண்ணீர் பரவும், கண்ணெதிரே தேயும். பலகை மேல் இருப்பது சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். வகுப்பில் அப்போது விழும் அமைதியை நான் கலைப்பதே இல்லை. சில்லென்று இருந்தது எப்படி ஐஸை உருக்குகிறது? ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். 'இரும்பு சூட்டை ஐஸுக்கு வேகமாக் குடுக்குது. அப்படின்னா... என் கையிலேர்ந்து வேகமா எடுக்கவும் எடுக்குது.' கை ஒரு தெர்மாமீட்டர் இல்லை, தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அது உணர்கிறது என்ற விஷயம், என் வாயிலிருந்து வராமல் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

ஆரம்ப வருஷங்களில் இதை எவர்சில்வர் தட்டை வைத்துச் செய்து கெடுத்திருக்கிறேன். மெல்லிய தகடு, அதோடு எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஐஸ் கொஞ்சம்தான் முந்தியது, பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். நல்ல கேள்விக்குச் சரியான பாத்திரமும் வேண்டும்.

பாத்திரத்தைத் தேடும் இந்தப் புத்தி எனக்கு ஐயூகா வளாகத்தில் வந்தது. ஜயந்த் நார்லிக்கர் தொடக்க இயக்குநராக இருந்து, 1988-இல் புனேயில் உருவாக்கிய வானியல் நிறுவனம் அது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே முக்தாங்கண் என்ற அறிவியல் கூடம் இருக்கிறது. அரவிந்த் குப்தா 2003 முதல் 2014 வரை அங்கே இருந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோவில் வேலை பார்த்து, 1978-இல் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போய், அதோடு வாழ்க்கையையே குப்பையிலிருந்து பொம்மை செய்யும் வேலைக்குத் திருப்பிவிட்டவர். ஜூஸ் டப்பாவை வெட்டிச் செய்யும் நீராவிப் படகு அவர் வழியாகத்தான் எங்கள் வகுப்புக்கு வந்தது. அடியில் மெழுகுவத்தி, பின்னால் இரண்டு உறிஞ்சுகுழல். உள்ளே நீர் ஆவியாகித் தள்ளும், குளிர்ந்து உறிஞ்சும், மறுபடி தள்ளும். திருவிழாக் கடையில் நாம் வாங்கிய தகரப் படகின் தம்பி. விலை கொடுத்து வாங்கிய கருவியைத் தொடப் பயப்படும் பிள்ளை, ஜூஸ் டப்பாவைப் பயமில்லாமல் கிழிக்கும், மறுபடி ஒட்டும், மூன்றாவது தடவை ஓட்டியும் விடும்.

மறுபடி அடுப்புக்கு வருகிறேன். கோடு 98-இல் நின்ற பிறகு, "தீயைக் கூட்டட்டுமா?" என்று கேட்பேன். கூட்டினால் ஏறும் என்பார்கள். கூட்டுவேன். தண்ணீர் துள்ளும், கோடு நகராது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால், மலை ஏறி மேட்டில் சமதளமாக ஓடும் சாலை மாதிரி ஒரு கோடு வரும். கொடுக்கும் தீ எல்லாம் எங்கே போகிறது? ஜோசப் பிளாக் 1760-களில் கிளாஸ்கோவில் கேட்ட கேள்வி இது. ஒரு கிராம் தண்ணீரை 25-லிருந்து 98 வரை ஏற்ற 73 கலோரி போதும். அதை ஆவியாக்க 540 கலோரிக்கும் மேல் வேண்டும். ஏழு மடங்குக்கும் கூட. நீர்த்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதற்கே அவ்வளவும் செலவாகிறது, வெப்பநிலை ஏறுவதற்கு மிச்சம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டுப் போன ஒரு பெண், வீட்டில் பாட்டி திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தபோது, கொதி வந்ததும் காஸைச் சிம்மில் வைத்துவிட்டாள். பாட்டி கோபப்பட, இருவரும் கடிகாரத்தை வைத்து இரண்டு நாள் பார்த்தார்கள். பெரிய தீயிலும் சிறிய தீயிலும் பருப்பு வெந்த நேரம் ஒன்றுதான். அந்த நோட்டுப் பக்கத்தில் பாட்டியும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உரசினால் சூடு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது எவ்வளவு என்று கேட்பதில்தான் ஆற்றல் என்ற பாடம் தொடங்குகிறது. புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜாரில் ஒரு கிலோ பால்ரஸ் குண்டுகளை எடைக்கு வாங்கினேன். ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயில் போட்டு, இரு முனையையும் அடைத்து, தலைகீழாக நூறு தடவை கவிழ்ப்போம். ஒவ்வொரு தடவையும் குண்டுகள் ஒரு மீட்டர் விழுகின்றன. கணக்குப்படி இரண்டு டிகிரி ஏற வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது ஒன்றிலிருந்து ஒன்றரை. மீதியைக் குழாயும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

முதல் வருஷம் ஒரு சிறுமி எழுந்து, "சும்மா பிடிச்சுக்கிட்டே இருந்தாலும் நம்ம கைச் சூட்டுல ஏறாதா மிஸ்?" என்றாள். நான் யோசிக்காத இடம். அன்றைக்கே இன்னொரு குழாய் செய்து, கவிழ்க்காமல் அதே நேரம் பிடித்துப் பார்த்தோம். ஏறத்தான் செய்தது, கொஞ்சம். அதிலிருந்து குழாய்க்குத் தெர்மோகோல் உறை போட்டாயிற்று. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் ஒப்பீட்டுச் சோதனை என்ற ஒன்றை அந்தப் பதின்மூன்று வயது மூளை தானே கண்டுபிடித்தது. ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நாள் என்ன வேண்டும்?

இந்த இடத்தில் விஞ்ஞானி ரம்ஃபோர்டின் பீரங்கிக் கதையைச் சொன்னால் கட்கிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மூனிக் நகரின் ஆயுதக் கிடங்கில் பித்தளைப் பீரங்கியைக் குடையும்போது அது கடுமையாகச் சூடாவதைக் கண்டு, மழுங்கிய முனையால் குடையவைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பினார். குதிரைகள் சுற்றின. தீயே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. 1798-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். வெப்பம் ஒரு திரவம், பொருளுக்குள் அடைந்து கிடக்கிறது என்ற எண்ணம் அதில் ஆட்டம் கண்டது. உரசிக்கொண்டே இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருந்ததே! "எங்கப்பா லேத்துல வெள்ளையா ஒரு தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாரு, அது இதுக்குத்தானா?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்குத்தான். பின்னால் மான்செஸ்டரில் ஜூல் இதற்கு எண் கொடுத்தார். அவர் பெயரையே தாங்கிய அலகில் சொன்னால், ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 4.2 ஜூல். அந்த எண்ணை வைத்து நாங்கள் கரும்பலகையில் போட்ட கணக்கு ஒன்று உண்டு. 253 மீட்டர் உயர ஜோக் அருவியில் விழும் நீர், விழும்போது பெறும் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் 0.6 டிகிரிதான் சூடாகும். வேர்க்கடலை அப்படி இல்லை. ஒரே ஒரு பருப்பில் சுமார் 14,000 ஜூல் இருக்கிறது. 40 கிலோ பிள்ளையைப் பத்து மாடி உயரம் தூக்க அது போதும்.

ஏப்ரலில் மண்பானை. புனேயின் வறண்ட பிற்பகலில் தெர்மாமீட்டர் குமிழில் ஈரத் துணி சுற்றினால், ஆவியாகும் ஈரம் வெப்பத்தைக் கொண்டுபோய்விடுவதால், 37 காட்டியது சரசரவென்று இறங்கி இருபதை ஒட்டி நிற்கும். சென்னையில் அவ்வளவு இறங்காது, காற்றில் ஏற்கெனவே ஈரம். அதனால்தான் புனேயில் பானைத் தண்ணீரில் பல் கூசுகிறது. இப்படி உலர்ந்த குமிழையும் ஈரக் குமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பது வானிலை ஆய்வுக்காரர்களின் அன்றாட வேலை. அந்த வேலைக்கு இந்த ஊரில் ஒரு பெரிய பெயர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி பண்ணினார். சூரிய வெப்பத்தை அளக்க நாடு முழுவதும் நிலையங்கள் அமைத்தார். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். சீட்டுக் கட்டிய எங்கள் ஆறு தெர்மாமீட்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலம் முடிந்ததும் புனேக்குப் பக்கத்துச் சிங்ககட் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். சுமார் 1,300 மீட்டர். மேலே கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் மண்சட்டித் தயிரும் விற்கும் ஒரு மாவ்ஷியிடம் (மராத்தியில் சித்தி) கேட்டு, அவர் அடுப்பில் எங்கள் பாத்திரத்தை வைத்தோம். விறகுப் புகையில் கண் எரிய, ஒரு சிறுமி குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். "காய் மோஜ்தேஸ் பாளா?" (என்ன அளக்கறே, கண்ணு?) என்று மாவ்ஷி கேட்க, அவள் மராத்தியில், கீழே 98-இல் கொதிக்கும் தண்ணீர் இங்கே எத்தனையில் கொதிக்கிறது என்று பார்க்கிறேன் என்றாள். கோடு 96-ஐத் தொடாமல், அதை ஒட்டினாற்போல் நின்றது. "அதான் இங்கே பருப்பு சீக்கிரம் வேக மாட்டேங்குது" என்று மாவ்ஷி தானாகவே சொன்னார். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

அவள் நோட்டில் இப்போது மூன்று வரிசை இருக்கிறது. சென்னை 100, புனே 98, சிங்ககட் 96-க்குச் சற்றுக் கீழே. நாலாவது வரிசையில் ஊட்டி, 2,240 மீட்டர் என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறாள். மே மாதம் அத்தை வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறார்களாம், அங்கிருந்து ஊட்டி. எத்தனை வரும் என்று அவளே கணக்குப் போட்டு, பென்சிலால் ஓரத்தில் சின்னதாகக் குறித்து, நான் பார்க்காதபடி மடித்துவைத்திருக்கிறாள். தெர்மாமீட்டரை இரவல் கேட்டாள். பூஜ்யத்தைச் சரியாகக் காட்டும், சென்னைக்குப் போய்வந்த அதே தெர்மாமீட்டரைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பால்ரஸ் குழாயில் மிஞ்சிய துண்டுக்குள் செருகிக் கொடுத்திருக்கிறேன்.